என் பேரில் பதினாறு

ஈரோட்டுக்கு விரலி வந்து குவிகிற மாசியில்
எட்டு மாசம் கழித்துக் குடோனுக்குள் நுழைந்தேன்.
"வாப்பா சென்னியப்பா, ஆளு எளச்சுட்டியே" என்றார் மேஸ்திரி.
இளைத்தது நிஜம்தான்.
முதுகுக்குள் வைத்த ஆறு ஸ்குரூவையும் ரெண்டு கம்பியையும்
அவர் எடையில் சேர்க்கவில்லை.

கோயமுத்தூர் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"ஸ்குரூ கச்சிதமா உக்காந்திருக்கு" என்றார்.
உட்கார முடியாமல் நின்றபடியே கேட்டேன்:
"அப்புறம் எடது காலு
பெருவிரல் வரைக்கும் எரியுதுங்களே?"
"அது சிலருக்கு இருக்கும்."
சிலருக்கு.
அந்தச் சிலரில் ஒருத்தரைப் பஸ்ஸில் பார்த்தால்
கேட்க வேண்டும்,
ராத்திரி எந்தப் பக்கமாய்ப் படுக்கிறீர்கள் என்று.

பாவாயியின் தோட்டுக்கும் கொடிக்கும்
அடகுச் சீட்டு ரெண்டு, அரிசி டப்பாவில் கிடக்கிறது.
அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.
வெள்ளென எழுந்து
என் கொங்காடைச் சாக்கை உதறி மடித்து
சோத்துப் போசிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.
போகச் சொல்கிறாளா போகாதே என்கிறாளா,
பிரித்து மடித்துப் பார்த்தும் தெரியவில்லை.

புண்ணுக்கு மஞ்சள் வை என்பார்கள்.
பதினாறு வருசமாய் இந்த முதுகில்
மஞ்சளைத் தவிர வேறென்ன வைத்தேன்.

முதல் மூட்டை.
ராக்கிமுத்துவும் குப்பணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து
"வெக்கறோம், செரியா?" என்றார்கள்.
முன்பெல்லாம் கேட்க மாட்டார்கள்.
அறுபத்தஞ்சு கிலோவை
தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி
மெதுவாக, அத்தனை மெதுவாக இறக்கினார்கள்.
அதுதான் தாங்கவில்லை.

பலகை ஏறினேன்.
இடுப்புக்குள் யாரோ ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்தார்கள்.
இடது காலை எங்கே வைத்தேன் என்பது
பலகை அதிர்ந்த பிறகுதான் தெரிந்தது.
மூன்றாவது மூட்டையில் வலி வாயை மூடிக்கொண்டது.
ஏழாவதில் திரும்ப ஆரம்பித்தது, சத்தமாய்.
பதினொன்றாவதை லாரிக்குள் தள்ளிவிட்டு
எடை மிஷின் சுவரில் முதுகை ஒட்டி
தண்ணி குடிக்கிற மாதிரி நின்றேன்.
சொம்பில் தண்ணி இல்லை.

எங்களுக்கு மூட்டைக்கு ஒரு கோடு.
சுவரில் அவரவர் பேருக்குக் கீழே சாக்பீஸில்
நாலை நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே அடிப்போம்.
பொழுதோட பார்த்தால் என் பேரில் இருபத்திமூன்று.
மறுபடி எண்ணினேன்.
பதினொன்றும் எனக்குத் தனித்தனியாய் ஞாபகம் இருக்கிறது,
எது எங்கே கடித்தது என்பது வரைக்கும்.
மிச்சம் பன்னிரண்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.
ராக்கிமுத்து பீச்சாங்கைக்காரன்.

"ஏண்டா, உன்ற மூட்டைய என்ற பேர்ல எழுதுன?"
முகம் முச்சூடும் மஞ்சள், கண் மட்டும் தெரிந்தது.
"முந்தா வருசம் எனக்குக் காமாலை வந்தப்ப
நீ எழுதுல?"
எழுதினேன்.
மஞ்சள் குடோனில் மஞ்சள் காமாலை,
பத்து நாள் எவனும் கண்டுபிடிக்கவில்லை.
அன்றைக்கு அது பெரிய விசயமாகவே தோன்றவில்லை.
எழுதுகிற கைக்கு என்ன,
சாக்பீஸ் பாரமா.

துண்டை நனைத்து அழிக்க ஆரம்பித்தேன்.
ஒன்று, ரெண்டு, மூன்று.
மேஸ்திரி நோட்டோடு வருகிற செருப்புச் சத்தம்.
நாலு, ஐந்து, ஆறு.
திங்கக்கிழமை வட்டி கட்ட வேண்டும்.
ஏழு.
அதற்கு மேல் கை போகவில்லை.
அழித்த ஏழை அவன் பேரில் எழுதினேன்,
என் கோடு நேராக நிற்கும், யாருக்கும் தெரியும்.
அவன் அந்தப் பக்கம் திரும்பி
கொங்காடையை உதறிக்கொண்டே இருந்தான்,
தூசி போன பிறகும்.
மேஸ்திரி நோட்டில் பதினாறு ஏறியது.

"எத்தனை?" என்றாள் பாவாயி.
"பதினாறு."
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பழைய சேலையைச் சுருட்டிக்கொண்டு வந்து
காலுக்குக் கீழே வைத்தாள்,
எந்தக் கால் என்று கேட்காமல்.